உவர்மலையில் நிற்கும் எம்ஜிஏ: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை எங்கே ஏறுகிறது, எங்கே நின்றுவிடுகிறது

"வாங்கிப் போட்டால் ஏறுமோ?"

நான் வாகன மதிப்பீடு செய்கிறவன் என்று தெரிந்ததும் திருகோணமலையில் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். 2009க்குப் பிறகு நிலாவெளிப் பக்கம் காணி விலை போன போக்கைக் கண்ணால் பார்த்த ஊர் இது. கையில் நாலு காசு சேர்ந்தால் அதை எதிலாவது போட்டுவைக்க நினைப்பது இயல்பு. இப்போது சில காலமாக அந்தக் கேள்வி பழைய கார்களைப் பற்றியும் வருகிறது, அதிலும் இரண்டு கதவும் நீண்ட பொனட்டும் திறந்த கூரையுமாக இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி. எங்கோ ஓர் ஏலத்தில் ஒரு கார் கோடிக்கணக்கில் போன வீடியோவைப் பார்த்திருப்பார்கள். "எங்கட பெரியப்பா வீட்டுக் கொட்டிலிலயும் ஒண்டு நிக்குது" என்று கதை தொடங்கும்.

பெரும்பாலானவை ஏறாது என்பதுதான் என் பதில். ஏறுகிற சிலவற்றை எது ஏற்றுகிறது என்று தெரிந்தால், அந்தக் கொட்டிலில் நிற்பதை என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோக்கள். 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலத்தில், 1955இல் செய்யப்பட்ட 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 135 மில்லியன் யூரோவுக்குப் போனது. அதற்கு முன் எந்தக் காருக்கும் எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு, இரண்டும் அதுவரை கம்பனியின் கையிலேயே இருந்தன. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மொன்டரேயில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 48.4 மில்லியன் டொலருக்கு விலைப்பட்டது. 1962க்கும் 1964க்கும் இடையில் அந்தக் கார் 36 மட்டுமே வெளிவந்தது.

இந்தச் செய்திகளை வைத்து வேறொரு காரின் விலையைக் கணக்குப் போடுவது சரிவராது. அப்படியான ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது அன்று அந்த மண்டபத்தில் இருந்த இரண்டு மூன்று பேர். அதில் ஒருவர் வராமல் விட்டிருந்தால் தொகையே மாறியிருக்கும். அவர்களின் பணம் கீழே இருக்கிற சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வழிந்து வருவதில்லை. 36 பேர் மட்டும் வைத்திருக்கக்கூடிய ஒரு காரின் சந்தையும், எம்ஜி என்ற இங்கிலாந்துக் கம்பனி ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த எம்ஜிபியின் சந்தையும் வேறு வேறு உலகம்.

உச்சியில் இருக்கிற கார்களும் எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததில்லை. 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி இறந்தார். அந்த நேரம் ஜப்பானில் பங்குச் சந்தையும் காணி விலையும் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தப் பணம் கார்களுக்குள் புகுந்தது. 1989இல் ஒரு 250 ஜிடிஓ 13 மில்லியன் டொலருக்கு மேல் கைமாறியது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் குமிழி உடைந்து, வட்டி ஏறி, கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள். அதே வகைக் கார்கள் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே போயின. ஜாகுவார் ஈ-டைப் போன்றவையும் கூடவே விழுந்தன. அந்த ஆண்டுகளில் வாங்கியவர்களில் பலருக்கு அந்தக் காரை ஓட்டும் ஆசையே இருக்கவில்லை. அடுத்தவனுக்கு விற்கத்தான் வாங்கினார்கள். ஓட்ட ஆசைப்படுகிறவன் விலை குறைந்தாலும் காரை வைத்திருப்பான், விற்க வாங்கியவன் முதல் ஆளாக ஓடுவான். 2008க்குப் பிறகு உலகம் முழுக்க வட்டி குறைவாக இருந்தபோது மறுபடி பணம் கார்ப் பக்கம் வந்தது. பிரிட்டனில் கார் விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது. தேய்ந்து அழியும் பொருள் என்றுதான் சட்டம் காரைப் பார்க்கிறது. அடுத்த சில ஆண்டுகள் அந்தப் பெரிய கார்களில் பல விலை ஏறின.

சரி, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய கார்களுக்கு வருவோம். இவற்றின் விலையை நகர்த்துவது வயசு. கார் எத்தனை வயசு என்பதைவிட, அந்தக் காரைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு இப்போது எத்தனை வயசு என்பதே முக்கியம். பதினாறு பதினேழு வயதில் ஒருவன் எந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டினானோ, ஐம்பது வயதில் பிள்ளைகளின் படிப்புச் செலவு முடிந்து கையில் காசு தேறியதும் அதைத் தேடிப் போவான். இருபது முப்பது ஆண்டு அந்தக் கார் ஏறும். பிறகு அவனுக்கு முழங்கால் பிடித்துவிடும், தாழ்ந்த இருக்கையில் இறங்கி ஏற முடியாது. விற்கத் தொடங்குவான். அவனுடைய மகனுக்கு வேறொரு கார் மேல் ஆசை இருக்கும்.

எம்ஜி டி-வரிசைக் கார்கள் இதற்கு நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்கர்கள் எம்ஜி டிசியைக் காதலித்தார்கள். மொத்தம் 10,000 டிசிதான் வந்தது. அடுத்து வந்த டிடி ஏறக்குறைய 30,000. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போனது. நெடுங்காலம் இவைதான் 'பழைய ஸ்போர்ட்ஸ் கார்' என்றாலே எல்லாருடைய மனதிலும் வந்த உருவம். இன்று அவற்றைக் காதலித்த தலைமுறை ஏறக்குறைய இல்லை. வீடுகளிலிருந்து வரிசையாக விற்பனைக்கு வருகின்றன, வாங்குகிற கை குறைந்துவிட்டது. காரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழகு அதே அழகுதான். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை பல ஆண்டுகளாகக் கீழேதான் போகிறது.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பான் கார்கள். டொயோட்டா 2000ஜிடி மொத்தம் 351 செய்யப்பட்டது. 2013இல் அமெரிக்காவில் ஒன்று 10 லட்சம் டொலரைத் தாண்டியபோது, ஜப்பான் காரா இந்த விலைக்கு என்று பலர் திகைத்தார்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த காரை அவர்களின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே இறக்கலாம். 1989இல் வந்த ஆர்32க்கு அந்த வாசல் 2014இல் திறந்தது, 1999இல் வந்த ஆர்34க்கு 2024இல். வீடியோ கேமில் அந்தக் காரை ஓட்டி வளர்ந்த பிள்ளைகள் அப்போது சம்பாதிக்கிற வயதுக்கு வந்திருந்தார்கள். வாசல் திறக்க முந்தியே விலை ஏறத் தொடங்கிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான். தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு வீதியில் கண்டு ஆசைப்பட ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருந்தது? சோதனைச்சாவடிக்கும் சோதனைச்சாவடிக்கும் இடையில் சைக்கிளும் ஹைஏஸ் வானும்தான். அவர்களுடைய ஆசை கேம் சென்டரிலும் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளிலும் வளர்ந்தது. இன்று கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வருகிற அந்தத் தம்பிமார் என்னிடம் கேட்பது டொயோட்டா ஏஈ86 லெவின், ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி எவல்யூஷன். இங்கிலாந்துக் கார்களை ஒருவரும் கேட்பதில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உவர்மலைக்குப் போனேன்.

அங்கே ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பின்பக்கத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற தகரக் கொட்டிலில், 1956ஆம் ஆண்டின் எம்ஜிஏ ஒன்று நிற்கிறது. சொத்தை மூன்று பிள்ளைகளுக்கும் எழுதிவைக்க அவர் முடிவெடுத்திருந்தார். வீடு ஒருவருக்கு, பாலையூற்றுக் காணி ஒருவருக்கு. "மிச்சம் இந்தக் கார்தான் தம்பி. இதுக்கு ஒரு பெறுமதி போட்டாத்தான் கணக்கு நேர்ப்படும்" என்றார்.

திருகோணமலையில் இப்படி ஒரு கார் எப்படி வந்தது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. 1957 வரை இந்தத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அதிகாரிகள் பலர் தளபாடத்தையும் வாகனத்தையும் இங்கேயே விற்றுவிட்டுப் போனார்கள். மாஸ்டரின் தகப்பனார் டொக்யார்டில் கணக்காளர். இந்தக் காரை அவர் ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கினார். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய, இரண்டு ஆங்கில எழுத்து இலக்கத்தகடு இன்னும் அதில் இருக்கிறது. சிங்கள ஸ்ரீயை வாகனத் தகடுகளில் கட்டாயமாக்கியதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியதும், தகடுகளில் தார் பூசப்பட்டதும் இந்த ஊரில் இன்னும் ஞாபகத்தில் இருக்கிற விஷயங்கள். இப்போது சேகரிப்பாளர்கள் அந்தப் பழைய ஆங்கில எழுத்துத் தகடுக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள்.

கொட்டிலில் மாஸ்டரின் பேரன் ஒருவனும் நின்றான், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். கார்க் கதவைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். கைபிடி அகப்படவில்லை. மாஸ்டர் கதவின் மேல் விளிம்புக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தார். கதவு திறந்தது. திறந்த கூரை எம்ஜிஏயில் வெளியே கைபிடி கிடையாது, கண்ணாடியை ஏற்றி இறக்கும் வசதியும் கிடையாது. அந்தக் கயிறு மட்டும்தான். பேரன் நாலைந்து தரம் இழுத்து இழுத்துத் திறந்து பார்த்தான்.

நான் காந்தத்தை எடுத்தேன். பெயின்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றிய சின்னக் காந்தம், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. எம்ஜிஏயில் இதை விஷயம் தெரிந்து செய்ய வேண்டும். கதவுத் தகடு, பொனட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாததைப் பார்த்து முழுக்கப் பட்டி என்று முடிவுகட்டிய மதிப்பீட்டு அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். பார்க்க வேண்டியது முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவுத் தூணின் அடி. இந்தக் காரில் வலப்பக்கச் சில்லில் இரண்டு சாண் நீளத்துக்குக் காந்தம் வழுக்கிக்கொண்டே போனது. கடற்பக்கம் பார்த்து நின்ற பக்கம் அது.

பிறகு தரை. எம்ஜிஏயின் தரை பிளைவுட் பலகை. ஆணியைக் கழற்றிப் பலகையைத் தூக்கினால் கீழே செஸி தெரியும். பலகை உக்கிப்போயிருந்தது, அதில் கவலை இல்லை, புதிதாக வெட்டிப் போடலாம். செஸியைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரிக் கணீர் என்ற சத்தம். பின் அச்சுக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் மங்கியது. மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் அதைக் குறித்துக்கொண்டேன்.

பொனட்டைத் திறந்தபோதுதான் இந்தக் காரின் உண்மையான கதை தெரிந்தது. எம்ஜிஏ 1500இன் 1489 சிசி இஞ்சின், எம்ஜியும் அடங்கிய பிஎம்சி கம்பனியின் பி-வரிசை. அதே குடும்ப இஞ்சின்தான் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் இருந்தது. நம் நாட்டில் ஒரு காலத்தில் வாடகைக் கார் என்றாலே அந்த இரண்டும்தான். இஞ்சின் புளொக்கில் அடித்திருந்த தகட்டில் இருந்த இலக்கம் எம்ஜியின் இலக்கம் இல்லை. கிண்ணியாவிலிருந்து வருகிற மெக்கானிக் நானாதான் நெடுங்காலமாக இந்தக் காரைப் பார்க்கிறார். அவரிடம் கேட்டேன்.

"அது கேம்பிரிட்ஜ் இஞ்சின் தம்பி. எங்கட வாப்பா மாத்தினது. கிராங்க் உடைஞ்சு போச்சு. சிறிமா காலம், சாமான் ஒண்டும் வராது. ரெண்டு கார்புரேட்டரையும் மட்டும் எம்ஜியில இருந்ததையே கழட்டிப் போட்டது."

"பழைய இஞ்சின்?"

"இரும்புக்குப் போயிருக்கும்."

எம்ஜிஏ இஞ்சின் எழுபது குதிரைவலு அளவில் தரும், கேம்பிரிட்ஜ் ஐம்பதுக்குச் சற்று மேல். இறக்குமதி அடைபட்டிருந்த 1970களில் ஒரு குடும்பம் தன் காரை ஓடவைக்க எடுத்த வழி அது. நானாவின் தகப்பனார் செய்த வேலை சுத்தமானது. அந்த இணைப்பைப் பார்த்தாலே தெரியும். என் மனதில் அந்த இஞ்சினுக்கு மரியாதை உண்டு. ஆனால் சந்தை இதற்குக் காசு கொடுக்காது. செஸி இலக்கமும் இஞ்சின் இலக்கமும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே பொருந்த வேண்டும் என்பது பெரிய கார்களுக்கு வேதவாக்கு. ஃபெராரியில் இஞ்சின் மாறியிருந்தால் விலை பயங்கரமாக அடிபடும். எம்ஜிஏயில் அடி அவ்வளவு பலமில்லை. வெளிநாடுகளில் பலர் தாங்களாகவே எம்ஜிபியின் 1800 சிசி இஞ்சினைப் பூட்டி ஓடுகிறார்கள். இருந்தாலும் குறைவு குறைவுதான்.

அடுத்தது கடதாசி. என்னைக் கேட்டால் ஒரு பழைய காரின் விலையில் பாதி இரும்பில் இருக்கிறது, மீதிப் பாதி கடதாசியில். யார் வாங்கினார், எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எங்கே திருத்தினார், எந்த நிறத்தில் வந்தது என்பதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிற காரும், அதே நிலையில் ஆதாரம் இல்லாமல் இருக்கிற காரும் ஒரே விலைக்குப் போகாது. 2015 பெப்ரவரியில் பாரிஸில் பையோன் என்ற குடும்பத்தின் பழைய கார்கள் ஏலம் போயின. பிரான்ஸின் மேற்கில் ஒரு தோட்டத்துக் கொட்டில்களில் பல பத்தாண்டுகள் தூசிக்குள் கிடந்தவை. அதில் ஒரு ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர், பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது, 16 மில்லியன் யூரோவைத் தாண்டியது. நடிகர் அலன் டெலோன் அந்தக் காரில் இருக்கிற பழைய புகைப்படங்கள் கிடைத்தது அந்த விலைக்கு ஒரு முக்கிய காரணம். ஒருவரும் அதைத் தொட்டுத் திருத்தாமல் விட்டிருந்தது இன்னொரு காரணம்.

நம் கொட்டில்களில் அந்தக் கடதாசி எங்கே? மாஸ்டர் வீட்டில் காரின் பதிவுப் புத்தகம் மட்டும் தப்பியது. 1990இல் இடம்பெயர்ந்தபோது அவருடைய தாயார் காணி உறுதியோடு சேர்த்து அதையும் பையில் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது வீடு சூறையாடப்பட்டிருந்தது. அதிகாரி எழுதிக் கொடுத்த விற்பனைக் கடிதம், பற்றுச்சீட்டுகள், படங்கள் ஒன்றும் இல்லை. கிடுகு போட்டு மூடிவிட்டுப் போன கார் மட்டும் ரயர் நாலும் போய் நின்றதாம். வெளிநாட்டில் எழுதப்படுகிற விலைக் கட்டுரைகளில், வரலாறு இல்லாத கார் என்றால் உரிமையாளர் கவனமில்லாதவர் என்கிற தொனி இருக்கும். வட கிழக்கில் ஒரு காரின் கடதாசி இல்லாமல் போனதற்கு யாருடைய கவனக்குறைவும் காரணமில்லை. மதிப்பீட்டாளர்கள் இதைத் தெரிந்து எழுத வேண்டும். இடம்பெயர்ந்த விவரத்தை, ஆண்டோடு, நான் அறிக்கையில் சேர்ப்பதே அதனால்தான். நாளைக்கு வாங்க வருகிறவனுக்கு அந்த இடைவெளி ஏன் வந்தது என்று புரிய வேண்டும்.

இழந்ததில் கொஞ்சத்தை மீட்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் எம்ஜிஏயின் தொழிற்சாலைப் பதிவேடு இருக்கிறது. செஸி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கார் எந்த நாள் செய்து முடிந்தது, எந்த நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். மாஸ்டரின் கார் இப்போது சிவப்பு. டாஷ்போர்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தால் வெளிர் நீலம் தெரிகிறது. எம்ஜிஏ 1500க்கு வந்த நிறங்களில் கிளேசியர் புளூ ஒன்று. சான்றிதழும் அதையே சொன்னால் பெரிய விஷயம். இன்னொன்றும் அகப்பட்டது. லண்டனிலுள்ள மாஸ்டரின் தங்கை தன் அல்பத்திலிருந்து ஒரு படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். டச் பே கடற்கரையில் கார் நிற்கிறது, பின்னால் கோணேசர் மலை, முன்னால் இலக்கத்தகடு தெளிவாக. படத்தின் பின்பக்கத்தில் கையெழுத்தில் ஆண்டு இருக்கிறதாம். "அந்தப் படத்தை லமினேட் பண்ணச் சொல்லாதீங்கோ மாஸ்டர், அப்படியே அனுப்பச் சொல்லுங்கோ" என்றேன்.

கொட்டிலில் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் பெயின்ட் அடிக்காதீர்கள். பார்க்க வருகிற ஆளுக்கு மரியாதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் புதுப் பெயின்ட் அடித்து, இருக்கையின் பழைய தோலைக் கிழித்துப் புது ரெக்சின் தைத்துவைப்பார்கள். அந்தப் பழைய தோல் திரும்ப வராது.

ஒரு காரின் பெயர் கெட்டுப்போனால் விலை என்ன ஆகும் என்பதையும் எம்ஜிஏயை வைத்தே சொல்லலாம். 1958இல் இதே உடலில் ட்வின் கேம் என்றொரு வேகமான இஞ்சினைப் பூட்டி விட்டார்கள். பிஸ்டன் எரிந்தது. வாங்கியவர்கள் கைவிட்டார்கள், 1960இல் 2,111 காரோடு தயாரிப்பே நின்றது. நெடுங்காலம் அதை யாரும் தொடவில்லை. பிறகு தரமான பெற்றோல் போட்டு, இக்னிஷனைச் சரியாக வைத்து, கார்புரேட்டர் அதிர்வதைக் கட்டுப்படுத்தினால் அது பிழையில்லாமல் ஓடும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று சாதாரண எம்ஜிஏயைவிட அதற்குத்தான் விலை அதிகம். குறைவாக வந்ததும் அதற்கு இப்போது பலம். போர்ஷே 911இல் 1990களின் கடைசியில் வந்த 996க்கும் இப்படி ஒரு கெட்ட பெயர் உண்டு. இஞ்சினுக்குள்ளே ஐஎம்எஸ் என்கிற பெயரிங் உடைந்து இஞ்சினே போய்விடும் என்ற பயம். அதற்கு முன்னால் 1998 வரை வந்த காற்றால் குளிர்கிற 911கள் மளமளவென்று ஏறியபோது 996 மட்டும் நெடுங்காலம் கீழேயே நின்றது. அந்தப் பெயரிங்கை மாற்ற வழி வந்துவிட்டது. பெயர் மாற இன்னும் காலம் எடுக்கும் என்று நினைக்கிறேன்.

எம்ஜிபிக்கு வேறொரு தடை. அதன் முழு உடற்கூட்டையே 1988 முதல் புதிதாக அழுத்தி விற்கிறார்கள். உதிரிப்பாகம் எல்லாம் கிடைக்கும். வைத்திருக்கிறவனுக்கு இது வரம். விலைக்கு இது கூரை. புதுக் கூடு வாங்கிக் கட்டி முடிக்கிற செலவைவிட அதிகமாக ஒரு பழைய எம்ஜிபிக்கு யார் கொடுப்பார்? 1974க்குப் பிறகு அமெரிக்க விதிக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் பூட்டி உயரத்தைக் கூட்டியவை அதிலும் மலிவு.

இனி ரூபாய்க் கணக்கு. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய வெகன் ஆர்கூட வாங்கிய விலையைவிடக் கூட விற்றது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதமளவில் 360. உதாரணத்துக்கு, 30 லட்சத்துக்குப் பேசிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை 54 லட்சத்துக்குப் பேசினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் 24 லட்சம் லாபம் என்று சந்தோஷப்படுவார். டொலரில் பார்த்தால் அன்றும் 15,000, இன்றும் 15,000. கார் ஏறவில்லை, ரூபாய் இறங்கியது. அதோடு இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய பாட்ஸ் எல்லாம் அப்போது அந்த 360 கணக்கில்தான் வந்தன. எனவே யாராவது "மூன்று வருசத்தில் இரட்டிப்பு" என்று சொன்னால், எந்த மூன்று வருசம் என்று கேளுங்கள்.

நம் சின்னச் சந்தையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் மிகக் குறைவு, அவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நல்ல எம்ஜிஏ சுமார் 25,000 டொலருக்கு மேலே கீழே போகும் என்று நான் சொன்னால், அந்தத் தொகையை ரூபாயாக்கிப் பெருக்கிவிடுவார்கள். அந்தக் காரை அமெரிக்க வாங்குநரின் வாசலில் கொண்டுபோய் வைத்தால்தான் அந்த விலை. உவர்மலையில் நிற்கிற வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு உவர்மலை விலைதான்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. வாடைக்காற்றுக் காலத்தில் கார் ஈரத்தில் நிற்கும், கச்சான் காலத்தில் உப்புத் தூசி உலர்ந்து படியும். இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு ஆண்டு இரும்பு குறையும். காற்றோட்டம் இல்லாமல் பிளாஸ்டிக் படங்கால் இறுக்கி மூடுவது மூடாமல் விடுவதைவிட மோசம். நீர் உள்ளேயே வேர்த்து நிற்கும்.

அறிக்கையில் மாஸ்டருக்கு இரண்டு தொகை எழுதிக் கொடுத்தேன். இன்று விற்றால் கிடைக்கக்கூடியது ஒன்று. சான்றிதழ் வந்து, படம் வந்து, வலப்பக்கச் சில்லும் பின் செஸியும் சரியான முறையில் வெட்டி ஒட்டப்பட்டால் கிடைக்கக்கூடியது மற்றது. இரண்டாவது தொகை முதலாவதைவிடக் கூட, ஆனால் அந்த வேலைக்குப் போகும் செலவு அந்த வித்தியாசத்தைத் தாண்டும். நானாவின் கூலி நியாயமானது, தகட்டைக் கையால் அடித்து வளைக்கிற ஆள். இறக்க வேண்டிய சாமான்தான் செலவை ஏற்றுகிறது.

"பத்து வருசத்தில?" என்று கேட்டார் மாஸ்டர்.

"டொலரில பாத்தா இதே இடத்திலதான் நிக்கும். கொஞ்சம் இறங்கவும் கூடும். இந்தக் காருக்கு ஆசைப்பட்ட ஆக்கள் குறைஞ்சுகொண்டு வருகினம்" என்றேன். அவர் கேட்டது உண்மையை, அதைத்தான் சொல்ல முடியும்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். கடைசி மகள், இங்கே ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் காரை உப்புவெளி வரை ஓட்டிப்போகிறவர். தொகையைக் கேட்டதும், "அப்ப காணியை அண்ணாவுக்கு எழுதுங்கோ அப்பா, எனக்குக் கார் போதும்" என்றார். காணியின் பெறுமதிக்குப் பக்கத்தில் அது வராது என்று நான் விளக்கினேன். தெரியும் என்றார்.

இப்போது பிரேக் சிலிண்டர் ரப்பரும் சில் தகடும் லண்டனிலிருந்து வரும் உறவினர் ஒருவரின் பெட்டியில் வருகின்றன. கேடனுக்கு விண்ணப்பம் போய்விட்டது. வாடை தொடங்குவதற்கு முன் வலப்பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று நானா சொல்லியிருக்கிறார், அதுவரை காரைத் திருப்பி, இடப்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள்.